குரூப் எடுப்பதற்கு முன்பே

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு மேல்நிலைப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை தொடங்கிவிடும். திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலையில் பூ கட்டும் வீட்டுப் பிள்ளையும், கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருப்பவரின் பிள்ளையும் அந்தச் சில நாட்களுக்குள் எந்த குரூப் என்று சொல்லியாக வேண்டும். ‘உனக்குக் கணக்கு வராது’ என்று யாரோ சொன்னதாலோ, தோழி எடுத்த குரூப் என்பதாலோ கணிதம் இல்லாத பிரிவுக்குப் போகிற பிள்ளைக்குப் பொறியியல் கல்லூரியின் கதவு, தொழிற்கல்விப் பிரிவுக்கென்று இருக்கும் சிறு வழியைத் தவிர, அன்றைக்கே மூடிவிடுகிறது. பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப், கணிதத்தில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என்று 200-க்குப் போடப்படுவது. கணிதம் படிக்காதவருக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது.

ஆனால், பொறியியல் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு நாம் எப்போது சொல்கிறோம்? பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு. வழிகாட்டி நிகழ்ச்சிகள், நாளிதழ் இணைப்புகள், தொலைக்காட்சிக் கட்-ஆஃப் அலசல்கள், கல்லூரி பேனர்கள் எல்லாம் வரிசைகட்டி வருவது அந்தக் கோடையில்தான். முடிவு எடுத்து இரண்டு ஆண்டு கழித்து வருகிறது அறிமுகம். அதுவும் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எவ்வளவு சம்பளம் என்ற அளவோடு நின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டில் கதவைத் திறக்க நிறையவே செய்திருக்கிறோம். 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வு இல்லை. 2010-இல் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை வந்தது. அதே ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. அதில் சேர்பவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2022-இல் ‘நான் முதல்வன்’ திறன் வளர்ப்புத் திட்டம் வந்தது. இவற்றில் ஒன்றையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பணம் இல்லாததால் படிக்க முடியாது என்ற நிலையைப் பெருமளவு மாற்றியவை இவை. ஆனால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பிள்ளை, திறந்த கதவையும் கடந்துதான் போகும்.

அறிமுகத்துக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு இடிந்து ஒரு வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள்; அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். சென்னை ஐஐடி-யிலிருந்து வல்லுநர்கள் வந்து மண்ணையும் சரிவையும் பார்த்தார்கள். அந்த மாதம் 13-ஆம் தேதி தீபத்தன்று மலையேற பக்தர்களுக்கு அனுமதி தரப்படவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் அந்த வாரம் முழுக்க இதைத்தான் பேசியிருப்பார்கள். ஆனால், நீரில் ஊறும் மண் எடை கூடுவதும், துகள்களுக்கு நடுவே தேங்கும் நீரின் அழுத்தம் அவற்றின் பிடியைத் தளர்த்துவதும், எந்தச் சரிவு எவ்வளவு மழையைத் தாங்கும் என்று கணக்கிடவே ஒரு படிப்பு இருப்பதும் எத்தனை வகுப்பறைகளில் பேசப்பட்டிருக்கும்? மலையைச் சுற்றி வாழ்கிறவர்களைவிட அந்தக் கேள்வி யாருக்கு நெருக்கமானது?

அதே மழையில் சாத்தனூர் அணை நிரம்பியது. 119 அடி உயரம், 7,321 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட அணை, 1958-இல் கட்டி முடிக்கப்பட்டது. அன்றிரவு நீர்வரத்து ஏற ஏறத் திறப்பும் கூட்டப்பட்டு, நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தென்பெண்ணையில் இறங்கியது. அகரம்பள்ளிப்பட்டில் சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, திறந்து மூன்றே மாதமான உயர்மட்டப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. பாலம் ஏறத்தாழ 54,000 கன அடிக்குத்தான் வடிவமைக்கப்பட்டிருந்தது என்று அரசுத் தரப்பு விளக்கம் தந்தது. அரசியல் சண்டை அதோடு முடிந்துவிட்டது. வகுப்பறை தொடங்கியிருக்க வேண்டிய இடம் அதுதான்.

எவ்வளவு வெள்ளத்துக்குப் பாலம் கட்டுவது என்று யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்றால், ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த நூறாண்டுக்குக் கவலையில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். பொருள் அதுவல்ல, ஒவ்வோர் ஆண்டும் அது வர நூற்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதே பொருள். அப்படியானால் பாலத்தின் ஐம்பதாண்டு ஆயுளில் ஒருமுறையாவது அது வர ஏறக்குறைய 40 விழுக்காடு வாய்ப்பு. 0.99-ஐ ஐம்பது முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் கிடைக்கும் விடை இது. நிகழ்தகவு நம் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. நாணயத்தையும் பகடையையும் உருட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாடத்தை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனால், கணக்கு எதற்கு என்ற கேள்வி எந்தப் பிள்ளைக்கும் எழாது. பாதுகாப்பைக் கூட்டினால் செலவு கூடும். செலவைக் குறைத்தால் யாருடைய உயிரோ பணயம். இந்த இரண்டுக்கும் நடுவே நின்று முடிவெடுத்து, அதன் கீழே கையெழுத்துப் போடுவது பொறியாளரின் வேலை. அந்தப் பொறுப்பைச் சொல்லாமல் சம்பளத்தை மட்டும் சொல்லும் அறிமுகத்தை அறிமுகம் என்றே நான் ஏற்கமாட்டேன்.

பத்தாம் வகுப்புத் திரிகோணமிதியில் ஏற்றக்கோணம் வருகிறது. பாடத்தில் விளக்குக் கம்பமும் கோபுரமும் படமாக இருக்கின்றன. நம்மூரிலோ 217 அடி ராஜகோபுரம் நிஜமாகவே நிற்கிறது. ஒரு பாகைமானி, ஒரு நூல், நூல் நுனியில் ஒரு கல், கையில் ஒரு அளவு நாடா போதும். வெளி வீதியிலிருந்தே அதன் உயரத்தை அளந்துவிடலாம். விடை ஐந்தடி தவறினால் இன்னும் நல்லது. பிழை எங்கிருந்து வந்தது என்று தேடும் அந்த அரைமணி நேரத்தில்தான் பொறியியல் தொடங்குகிறது.

இந்தப் பிள்ளைகளின் வீடுகளும் பொறியியலுக்குத் தூரமானவை அல்ல. பெங்களூருவில் செண்ட்ரிங் அடிக்கும், கம்பி கட்டும் அப்பாக்கள் இந்த மாவட்டமெங்கும் இருக்கிறார்கள். கான்கிரீட் போட்ட மறுநாளிலிருந்து ஏன் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவர்களுக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். ஏரி மதகை எப்போது தூக்க வேண்டும், கலங்கல் வழியும்போது கரையில் எங்கே கசியும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். செய்யாறு சிப்காட் காலணி ஆலைகளுக்கு வேன் ஏறிப் போகும் அக்காக்கள் நாளெல்லாம் இயந்திரங்களோடு இருக்கிறார்கள். அந்த இயந்திரத்தை வடிவமைக்கிறவராகவும் ஒரு பெண் இருக்கலாம் என்பதை அவர்கள் பதினான்கு வயதில் கேட்டிருந்தால்? வீட்டில் இருக்கும் இந்த அறிவுக்குப் பள்ளியில் மதிப்பெண் இல்லாததால், பிள்ளைகள் அதை அறிவு என்றே எண்ணுவதில்லை.

‘ஏற்கெனவே ஊருக்கு நாலு என்ஜினீயர் வேலையில்லாமல் இருக்கிறான், இன்னும் எதற்கு?’ என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. கடன் வாங்கிப் படிக்க வைத்த குடும்பங்களின் வலி அதில் இருக்கிறது. அந்த நிலை ஏன் வந்தது? பலர் பொறியியலைத் தேர்ந்தெடுக்கவில்லை, எல்லோரும் சேர்ந்தார்கள் என்று சேர்ந்தார்கள். ஐடி வேலைகள் பெருகியபோது கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் கூட்டம் சாய்ந்தது. பல கல்லூரிகளில் சிவில், மெக்கானிக்கல் இடங்கள் காலியாகக் கிடந்தன. சரிவுகளையும் பாலங்களையும் ஏரிகளையும் கவனிக்க ஆள் தேவைப்படும் மாவட்டத்திலேயே இது நடந்தது. ஒன்பதாம் வகுப்பில் பார்த்துவிட்டு ‘இது எனக்கு வேண்டாம்’ என்று ஒரு பிள்ளை விலகினால் அதுவும் நல்ல அறிமுகமே. நான்கு ஆண்டுப் படிப்பும் கடனும் மிச்சம்.

பன்னிரண்டாம் வகுப்பு வழி மட்டுமே வழி என்ற எண்ணமும் போக வேண்டும். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்துக்காரர். ரயில்வே தொழில்நுட்ப ஊழியரின் மகன். அங்கே ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த பிறகே பி.இ. சேர்ந்தார். திருச்சி என்ஐடி, சென்னை ஐஐடி எல்லாம் அதற்கப்புறம். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் கலம் இறங்கியபோது தமிழ்நாடே அவரைக் கொண்டாடியது. பத்தாம் வகுப்பு முடித்ததுமே பாலிடெக்னிக்கில் சேரலாம், அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாக நுழையலாம் என்ற செய்தியை அந்தக் கொண்டாட்டத்தோடு சேர்த்து எத்தனை பள்ளிகள் சொல்லின?

செய்ய வேண்டியது பெரிய திட்டம் அல்ல. எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு ஆண்டில் ஓரிரு நாள் போதும். நீர்வளத் துறை உதவிப் பொறியாளரோடு சாத்தனூர் மதகுகளைப் பார்க்க ஒரு பயணம். மின்வாரியத் துணைமின் நிலையத்துக்கு ஒருநாள். முடிந்தால் ஜவ்வாது மலை மேல் காவலூர் ஆய்வகம், அங்கே 2.3 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கி 1986-இலிருந்து இயங்குகிறது, உள்நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டியது. அழைத்துப் போகிறவர்களில் ஒரு பெண் பொறியாளராவது இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரும் முதன்மைக் கல்வி அலுவலரும் மனது வைத்தால் இதற்குச் சென்னையிலிருந்து ஆணை வரக் காத்திருக்க வேண்டாம்.

கூடவே, குரூப் பற்றியும் 7.5 விழுக்காடு பற்றியும் பெற்றோரிடம் பேச ஒரு கூட்டம் நடத்த வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற விதி தெரியாமல், இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றி உரிமையை இழக்கும் குடும்பங்கள் உண்டு. அதனால் ஒன்பதாம் வகுப்புப் பெற்றோரோடு ஐந்தாம் வகுப்புப் பெற்றோரையும் அழைக்க வேண்டும். அந்தக் கூட்டத்தைப் பௌர்ணமியன்று வைக்காமல் இருந்தால் போதும். அடி அண்ணாமலையில் அன்று இரவு யாருக்கும் தூக்கம் கிடையாது, மறுநாள் காலை கடையை எடுத்துக் கட்டவே நேரம் சரியாக இருக்கும்.