பத்துக்கு எத்தனை?

யூடியூப்பில் இந்த மாதிரி வீடியோக்கள் கொட்டிக் கிடக்கு. தபாலில் வந்த பெட்டியை ஒருத்தர் உடைப்பார். உள்ளே, தடித்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்த பழைய பேஸ்போல் கார்ட். மேலே இருக்கிற லேபிளைப் பெருவிரலால் மறைத்துப் பிடித்து, மெல்ல மெல்ல விரலை விலக்குவார். 9 என்றால் ஒரே கத்தல். 6 என்றால் ஒரு பெருமூச்சு, அடுத்த கார்ட். அதில் இருக்கிற மனுசன் யார், எந்த அணிக்கு விளையாடினான், அறுபது வருசம் கழிச்சும் ஏன் அவனைத் தேடுகினம், ஒரு சொல் வராது. போக்கிமொன் கார்ட் பார்க்கிற ஆக்களுக்கும் இந்தச் சடங்கு பழக்கமாயிருக்கும்.

அந்த இலக்கத்தோடுதான் எனக்குப் பிரச்சினை.

தெரியாதவர்களுக்காக: பி.எஸ்.ஏ, எஸ்.ஜி.சி போன்ற கொம்பனிகளுக்குக் கார்டை அனுப்பினால், அது அசலா, யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். பிறகு மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் அச்சாகியிருக்கா என்று பார்த்து 1 முதல் 10 வரை ஒரு தரம் போட்டு, திறக்க முடியாதபடி மூடி அனுப்புவார்கள். அந்தக் கூட்டுக்குப் பெயர் ஸ்லாப். இதுக்குள் போகாத கார்டை 'ரோ' என்பார்கள், பச்சையாக இருக்கிற கார்ட்.

ஆக இரண்டு வேலை நடக்குது. அசலா, வெட்டு ஒட்டு இருக்கா என்பது ஒன்று. எத்தனை அழகு என்பது மற்றது. முதலாவது தேவையான வேலை, அதில் எனக்கு மறுப்பில்லை. நூறு வருசப் பழைய கார்டைக் கடதாசி வைத்துத் திரும்ப அச்சடிக்க ஆள் இருக்கு. மழுங்கிய ஓரத்தைக் கூராக வெட்டி எடுக்கவும் ஆள் இருக்கு. தூரத்தில் இருந்து படத்தை மட்டும் பார்த்துக் காசு கட்டுகிறவனுக்கு ஒரு மூன்றாவது ஆளின் உறுதி வேணும்தான்.

ஆனா அந்த முதல் வேலையே எப்படித் தொடங்கியது என்று பாருங்கோ. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கொம்பனி சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்த கார்டுகளை இப்ப ரி-206 என்று சொல்லுகினம். அதில் பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் கார்ட் மிக அரிது. சிகரெட்டோடு தன் படம் பிள்ளைகள் கைக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை என்பார்கள், காசு கேட்டுக் கிடைக்காததால் என்பாரும் உண்டு. எப்படியோ அச்சடிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. இன்றைக்கு ஐம்பது அறுபது அளவில்தான் இருக்கு.

அவற்றில் ஒன்றை 1985 இல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி 25,000 டொலருக்கு வாங்கினார். 1991 இல் அதே கார்டை சொதபீஸ் ஏலத்தில் ஐஸ் ஹொக்கி நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கியும் புரூஸ் மெக்னாலும் 451,000 டொலருக்கு எடுத்தார்கள். அந்த வருசம்தான் பி.எஸ்.ஏ தொடங்கியது. அவர்கள் தரமிட்ட முதல் கார்ட் இது. தொடர் இலக்கம் ஒன்று. தரம் 8. இதைக் காட்டித்தான் தரமிடுதல் என்ற தொழிலே ஊரறிந்தது. 2007 இல் விலை 28 இலட்சம் டொலர்.

2013 இல் மாஸ்ட்ரோ ஏல மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்தக் கார்டின் பக்க ஓரங்களைத் தான்தான் வெட்டினேன் என்றும் ஒப்புக்கொண்டார். வெட்டப்பட்ட கார்டுக்கு 1 முதல் 10 வரையான தரமே போடக்கூடாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினார்களோ, அந்தக் கேள்விக்கே முதல் பதில் பிழை.

இரண்டாவது வேலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 8 க்கும் 9 க்கும் வித்தியாசம் பூதக்கண்ணாடியில்தான் தெரியும், விலையில் அது பல மடங்கு. கூட்டை உடைத்து அதே கார்டைத் திரும்ப அனுப்பி, கூடின தரம் வாங்குகிறவர்கள் தாராளம். அப்படியென்றால் அந்த இலக்கம் கார்டின் குணமா, அல்லது அன்றைக்கு மேசையில் இருந்தவரின் பார்வையா? படம் ஒரு பக்கம் சரிந்திருப்பதற்கும் தரம் குறையும். அது 1950களின் அச்சகத்தில் தாள் வெட்டின மெஷினின் வேலை, வைத்திருந்த பெடியன் என்ன செய்வான்?

1952 டொப்ஸ் வரிசையில் வந்த மிக்கி மான்டில் கார்டை எடுங்கோ. வாக்னர் போல அரிதில்லை, இன்றைக்கும் ஆயிரத்துக்கு மேல் இருக்கு. அதில் 9.5 தரம் கிடைத்த ஒன்று 2022 இல் 1 கோடி 26 இலட்சம் டொலருக்குப் போனது. மூலை தேய்ந்து மடிப்பு விழுந்த 1 தர மான்டில் சில பத்தாயிரம் டொலரோடு நிற்கும். அதே முகம், அதே மஞ்சள் மட்டை, அதே வருசம். நடுவில் இருக்கிற கோடிக்கு விற்பனையானது மான்டில் இல்லை, லேபிள். அதே 2022 இல் வெறும் 2 தரத்திலிருந்த வாக்னர் ஒன்று 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்குப் போனதையும் சேர்த்துப் பாருங்கோ. கார்ட் உண்மையிலேயே அரிதென்றால் கிழிசலை யாரும் கணக்கெடுக்கிறதில்லை.

இன்னொன்று. கார்டின் விலை கூடக் கூடத் தரமிடுகிற கட்டணமும் கூடும். விலையை ஏற்றுகிற இலக்கத்தைப் போடுகிறவரும் அவரே, ஏறின விலைக்கேற்பக் காசு வாங்குகிறவரும் அவரே. போதாக்குறைக்கு பி.எஸ்.ஏ-யின் தாய்க் கொம்பனி 2024 இல் எஸ்.ஜி.சி-யையும் வாங்கிவிட்டது. "அப்ப வேற இடத்துக்கு அனுப்பு" என்று சொல்லுறதும் இப்ப லேசில்லை.

இதுக்கெல்லாம் முந்தின ஒரு சேகரிப்பாளர் ஜெஃபர்சன் பேர்டிக். நியூயோர்க் மாநிலம் சிரக்யூஸில் மின்சாதனப் பாகங்கள் பொருத்துகிற தொழிலாளி, மூட்டுவாதக்காரர். ரி-206 என்ற பெயரே அவருடைய பட்டியலில் இருந்து வந்ததுதான். முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பேஸ்போல் கார்டுகள் உட்பட மூன்று இலட்சத்துக்கு மேல் அச்சுத் துண்டுகளை நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் மியூசியத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். அதில் ஒரு வாக்னரும் இருக்கு. கொடுத்ததோடு நிற்கவில்லை. அங்கேயே இருந்து வருசக்கணக்காக ஒவ்வொன்றையும் அல்பத்தில் பசை போட்டு ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது, மார்ச்சில் ஆள் போயிட்டார். பசை பட்ட கார்ட் என்றால் இன்றைக்குத் தரமிடுகிறவர் முகத்தைச் சுழிப்பார். பின்பக்கம் தெரியாமல் போனது எனக்கும் கவலைதான், சிகரெட் விளம்பரம் அங்கேதான் இருக்கு. ஆனா வரிசை வரிசையாக, ஒரு அணி பக்கத்தில் இன்னொரு அணி என்று பார்க்கும்போதுதான் அது என்ன காலம் என்று விளங்கும். ஸ்லாப் அப்படி இல்லை. தனியாக, தடிப்பாக, தலையில் லேபிளோடு நிற்கும்.

அதனால், கைக்கு ஒரு மான்டில் வந்தால் தாராளமாக அனுப்புங்கோ, விற்கிற அன்றைக்கு அது இல்லாட்டி நம்பமாட்டினம். ஆனா 1960களின் சாதாரண வீரர் ஒருத்தரின் கார்ட் சில டொலருக்குக் கிடைக்கும், அதைத் தரமிட அனுப்புகிற செலவு அதைவிடக் கூட. அந்தக் காசுக்கு அதே வரிசையில் இன்னும் நாலு கார்ட் வாங்கலாம். ஒன்பது பொக்கெட் வைத்த அல்பத் தாளில், பி.வி.சி கலக்காத பிளாஸ்டிக்காகப் பார்த்துப் போட்டால் முன்னும் பின்னும் வாசிக்கலாம். சுவரில் மாட்ட ஆசை என்றால் வெயில் படாத சுவராகப் பாருங்கோ. ஸ்லாப்பில் இருந்தாலும் வெயிலுக்கு நிறம் வெளிறும்.