சாவியையும் சேர்த்துக் கொடுங்கள்

சி.டி. ஸ்கேன் கருவி தயாரித்து உலகெங்கும் விற்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

தென் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் ஸ்கேன் சென்டர் நடத்தும் கதிரியக்க மருத்துவன் எழுதுகிறேன். கருவியின் விலையைப் பற்றிப் புலம்ப வரவில்லை. வங்கியில் கடன் வாங்கி, பேசிய விலையைக் கொடுத்துத்தான் வாங்கினோம். விற்ற பிறகும் அதை உங்கள் சொத்துபோலவே நடத்துகிறீர்களே, அதுதான் என் குறை.

பக்கவாதம் வந்தவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்துக் கசிகிறதா என்று தெரியாமல், உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியைப் போட முடியாது. கசிவு இருக்கும்போது போட்டால் ஆளையே கொன்றுவிடும். அதைப் பார்த்துச் சொல்லத்தான் சி.டி. ஊசிக்கு உள்ள அவகாசம் பொதுவாக நாலரை மணி நேரம். அதில் பாதி, வீட்டில் தைலம் தேய்த்துப் பார்ப்பதிலேயே போய்விடும். மீதி நேரத்தில் வந்து சேரும்போது எங்கள் திரையில் ஒரு எர்ரர் கோடு நின்றால், மதுரைக்கு ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தக் கோடு என்ன சொல்கிறது? நீங்கள் கொடுத்த கையேட்டில் இல்லை. சர்வீஸ் பக்கத்தைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. அது உங்களிடம். உங்கள் இன்ஜினியர் சென்னையிலிருந்து இரவு பஸ்ஸில் வருகிறார். விரல் நீளச் சாவி ஒன்றைக் கன்சோலில் செருகுகிறார். தளர்ந்துபோன ஒரு கனெக்டரை அழுத்தி மாட்டுகிறார். தண்ணீர் அடைத்த உருளையைக் கேன்ட்ரி வளையத்துக்குள் வைத்து அளவு சரிபார்க்கிறார். பிறகு சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. தூக்கமில்லாமல் ஊர் ஊராக அலைகிற பிள்ளை. ஆனால் அந்தக் கனெக்டரை மாட்ட எங்கள் டெக்னீஷியனுக்குத் தெரியாதா?

கருவிக்குள் இருக்கும் எக்ஸ்ரே டியூபின் கதை இன்னும் மோசம். அது தேய்கிற பொருள், ஒருநாள் போகும் என்று தெரிந்துதான் வாங்குகிறோம். போனால் பல லட்சம். எத்தனை லட்சம் என்பதற்குத்தான் அச்சிட்ட விலைப்பட்டியல் கிடையாது. எங்களுக்கு ஒரு விலை, பக்கத்து ஊர்க்காரருக்கு வேறு விலை, மார்ச் மாதக் கடைசியில் இன்னொரு விலை. டியூபையும் சேர்த்துப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டால் ஆண்டுத் தொகை கழுத்தை நெரிக்கிறது. சேர்க்காவிட்டால் ராத்தூக்கம் போகிறது.

சாவியை ஏன் தருவதில்லை என்று கேட்டால், நோயாளியின் பாதுகாப்பு என்கிறீர்கள். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாக அமைப்பான எஃப்.டி.ஏ. இதை ஆராய்ந்து 2018-ல் அறிக்கை கொடுத்தது. வெளி நிறுவனங்கள் பழுது பார்ப்பதால் பரவலான ஆபத்து என்று முடிவு கட்ட ஆதாரம் போதாது என்றது. அவர்களில் பலர் தரமாகவே வேலை செய்கிறார்கள் என்றும், அவர்கள் இல்லாமல் அந்நாட்டு மருத்துவத் துறை இயங்காது என்றும் சொன்னது. 2021-ல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பரிந்துரைப்படி, பழுது பார்ப்பதற்காக மருத்துவக் கருவிகளின் மென்பொருள் பூட்டைத் திறக்கலாம் என்று விலக்களிக்கப்பட்டது. உங்கள் துறைச் சங்கங்கள் உடனே கோர்ட்டுக்குப் போயின. 2024-ல் விலக்கு புதுப்பிக்கப்பட்டது. பாதுகாப்புக்குப் பதில் சொல்கிறவர்கள் இங்கே நாங்கள்தான். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இல்லாமல் ஒரு படம்கூட எடுக்க முடியாது.

ஆராய்ச்சிக்குக் கொட்டிய பணம் என்றும் ஒரு பதில் வைத்திருப்பீர்கள். கொட்டியிருக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில், சி.டி.யை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தபோது, அதில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் காசோடு பிரிட்டன் சுகாதாரத் துறையின் காசும், அதாவது மக்களின் வரிப்பணமும், இருந்தது.

நம் அரசுக்கும் ஒரு வார்த்தை. பழுது பார்க்கும் உரிமைக்காக 2022-ல் மத்திய நுகர்வோர் துறை குழு அமைத்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், வாகனம் ஆகிய நான்கும் பட்டியலில் இடம்பெற்றன. மருத்துவக் கருவி இடம்பெறவில்லை. டிராக்டருக்குக் கிடைக்கும் நியாயம் ஸ்கேன் கருவிக்கு ஏன் இல்லை?

இலவசமாக எதுவும் கேட்கவில்லை. கருவியோடு சர்வீஸ் கையேட்டையும் சாவியையும் கொடுங்கள். அதற்கு விலை உண்டென்றால் விற்கும்போதே சொல்லிவிடுங்கள். டியூப் விலையை எல்லாருக்கும் தெரிய வெளியிடுங்கள். பயிற்சி வேண்டுமென்றால் நடத்துங்கள், கட்டணம் கட்டி எங்கள் ஆட்களை அனுப்புகிறோம். சக ஸ்கேன் சென்டர்க்காரர்களுக்கும் சொல்கிறேன்: அடுத்த கருவிக்குக் கையெழுத்துப் போடுமுன் இவற்றை எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் பேனாவை மூடிவிட்டு எழுந்து வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு கதிரியக்க மருத்துவன்