அந்தக் காய்ச்சலுக்கு என்ன பேர்?



போன மாதம் மடவார் வளாகத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே தெருவைக் கூட்டிவிடும் அவர்கள் வீட்டு ராஜபாளையம் நாய், அன்றைக்கு எழுந்துகூட வரவில்லை. திண்ணையோரம் சுருண்டு கிடந்தது. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. அந்த மூக்கின் ஒரு பக்கம் ரத்தம் கோடாகக் காய்ந்திருந்தது. உதட்டை விலக்கிப் பார்த்தேன், ஈறு வெளுத்துப்போயிருந்தது. காது மடலைத் திருப்பினால் உள்மடிப்பில் ஓர் உண்ணி, சாம்பல் நிறத்தில், சின்ன ஆமணக்கு முத்து மாதிரி உப்பிக்கொண்டு. ஆமணக்குச் செடியின் லத்தீன் பெயரான ரிசினஸ் என்பதற்கே உண்ணி என்றுதான் பொருள். லத்தீன் பேசியவர்களுக்கும் நம் கண்தான் போலிருக்கிறது.

“டிக் ஃபீவராம்யா. மாத்திரை குடுத்தாங்க. ஒரு வாரத்துல நல்லாச் சாப்பிட ஆரம்பிச்சிருச்சேன்னு நிப்பாட்டிட்டோம். இப்பத் திரும்பவும் படுத்திருச்சு. பேப்பர்ல வேற உண்ணிக் காய்ச்சல்னு போட்டிருக்கான். வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு. எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுருவமா?” என்றார் பெரியம்மா.

பிள்ளை மாதிரி வளர்த்த நாய். கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மாதப் பக்கத்தை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். ஒரே பெயருக்குள் பல நோய்களைப் போட்டு மூடிவிட்டால், ஒரு வீடு எவ்வளவு தடுமாறுகிறது பாருங்கள்.

முதலில் நாய்க்கு வந்ததைப் பார்ப்போம். ‘டிக் ஃபீவர்’ என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. உண்ணி கடித்து வரும் பல காய்ச்சல்களுக்கும் பொதுவாக நாம் வைத்துக்கொண்ட பெயர். அதில் எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியா இருக்கலாம். பபேசியாவாகவும் இருக்கலாம். பபேசியா பாக்டீரியாவே அல்ல, மலேரியாக் கிருமியைப் போன்ற ஓர் ஒட்டுண்ணி. எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை. பபேசியாவுக்கு முக்கிய மருந்து வேறு. இரண்டையும் கொண்டுவருவது அதே பழுப்பு நிற நாய் உண்ணிதான். பெயர் தெரியாமல் மருந்து கொடுத்தால் என்ன ஆகும், சொல்லுங்கள்?

எர்லிக்கியாவுக்கு அந்தப் பெயர் வந்த கதையும் சுவையானது. 1935-ல் அல்ஜீரியாவில், பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த நாய்களில் டொனாஷியன், லெஸ்டோகார்ட் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். அப்போது வைத்த பெயர் ரிக்கெட்ஸியா கேனிஸ். ரிக்கெட்ஸ் என்பவர் இந்த வகைக் கிருமிகளை ஆராய்ந்து, 1910-ல் டைபஸ் காய்ச்சலுக்கே உயிரைக் கொடுத்த அமெரிக்க மருத்துவர். 1944-லேயே நம் தென்னிந்திய நாய்களிடமும் இந்தக் கிருமி இருப்பது கால்நடை மருத்துவ இதழில் அந்தப் பழைய பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. அடுத்த ஆண்டு, ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக்கின் நினைவாகப் பெயர் மாறியது.

பெயர் ஒன்றாக இல்லாததால் வந்த சங்கடமும் உண்டு. வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் மோப்ப நாய்கள் மூக்கில் ரத்தம் வடிந்து, நூற்றுக்கும் மேல் செத்துப்போயின. ஆளுக்கொரு பெயர் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எல்லாம் இந்த எர்லிக்கியாதான் என்று தெரிந்தது. வெள்ளை அணுக்குள் கொத்தாக, மல்பெரிப் பழம் போல உட்கார்ந்திருக்குமாம் அது.

2001-ல் இன்னொரு பெரிய மாற்றம். மரபணுவை வைத்து உறவு பார்த்தபோது, எர்லிக்கியா குடும்பத்தில் இருந்த சிலர் உண்மையில் வேறு வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்தது. ரேஷன் கார்டில் ஓர் இடத்தில் பெயர் நீக்கி இன்னொரு கார்டில் சேர்க்கிறோமே, அப்படித்தான். நாயின் தட்டணுக்களைத் தாக்கும் எர்லிக்கியா பிளாட்டிஸ், அனாப்ளாஸ்மா பிளாட்டிஸ் ஆனது. ஆகவே பழைய ரிப்போர்ட்டில் ஒரு பெயரும் புதியதில் வேறு பெயரும் இருந்தால் லேப் மேல் சந்தேகப்படாதீர்கள்.

இப்போது பெரியம்மாவின் பயத்துக்கு வருகிறேன். நம் பத்திரிகைகள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுவது ஸ்க்ரப் டைபஸை. 2024 டிசம்பர் கடைசியில் பொது சுகாதாரத் துறை எச்சரித்த மாவட்டங்களில் நம் பக்கத்திலிருக்கும் தென்காசியும் திருநெல்வேலியும் இருந்தன. ஆனால் அது நாய் உண்ணியால் வருவதே இல்லை! புதர்களிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. இதுவும் முன்னே ரிக்கெட்ஸியாவாக இருந்து, 1995-ல் தனியாகப் பிரிக்கப்பட்டதுதான். நாங்களும் பழைய இதழ்களில் இதை உண்ணிக் காய்ச்சல் என்றே எழுதியிருக்கிறோம். தவறுதான். இனி ஸ்க்ரப் டைபஸ் என்றே எழுதுவோம்.

அதற்காக நாய் உண்ணியைச் சாதாரணமாக விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. இந்தியன் டிக் டைபஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதன் கிருமி ரிக்கெட்ஸியா கொனோரி, அதை மனிதருக்குக் கொண்டுவருவது நாய் உண்ணிதான். ஆனால் நாயைத் தொட்டால் வராது, உண்ணி கடிக்க வேண்டும். அப்படியானால் வெளியேற்ற வேண்டியது நாயையா, உண்ணியையா? வயிறு நிறைந்ததும் உண்ணி நாயை விட்டிறங்கிச் சுவர் விரிசலில் ஏறி முட்டையிடும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் இடும். விரிசலைப் பூசி அடையுங்கள். உண்ணியைப் பிடுங்கும்போது இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, விரலால் நசுக்குவது இரண்டும் வேண்டாம்.

செண்பகத்தோப்புப் பக்கம் தோட்ட வேலைக்கும் ஆடு மேய்க்கவும் போகிறவர்களுக்குக் காய்ச்சல் வந்தால், போன இடத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு மடிப்பு என்று உடம்பு முழுக்கப் பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருக்கிறதா? ஸ்க்ரப் டைபஸைக் கொண்டுவரும் பூச்சிக் குஞ்சு கடித்த இடம் அது. வலிக்காது, அதனால் நமக்கே தெரியாது. டைபஸ் வேறு, டைபாய்டு வேறு. டைபஸுக்குப் பென்சிலின் வகை மருந்துகள் கேட்காது. டாக்சிசைக்ளின் போன்றவை நேரத்தோடு கிடைத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். ‘ஏதோ வைரல்’ என்று ஒரு வாரம் கடத்துவதுதான் ஆபத்து.

பெரியம்மா வீட்டு நாய்க்கு மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். எர்லிக்கியாதான். 28 நாள் மாத்திரை, நடுவில் நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். வைத்தியநாத சுவாமி கோயில் விபூதியை அதன் நெற்றியில் பூசிவிட்டு, காலண்டரில் பெரியம்மா நாள்தோறும் ஒரு வட்டம் போடுகிறார். மேலே தமிழில் பெரிதாக ‘எர்லிக்கியா’ என்று எழுதியிருக்கிறார். நேற்றுப் போனில் பேசியபோது பதினோராவது வட்டம்.

உங்கள் ஊரில் இந்தக் காய்ச்சல்களை என்ன பேர் சொல்லி அழைக்கிறார்கள்? எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்