திட்டமும் நிரலும்

கட்டடம் எழுப்புவோர் முதலில் படம் வரைந்து, பின்னரே சுவர் எழுப்புவர். சுவர் படத்தினின்றும் விலகுமாயின் கண்ணுக்குப் புலப்படும். மென்பொருள் இயற்றுவோர்க்கோ அவ்வசதி இல்லை. அவர்தம் திட்டம் ஒரு காகிதக் கட்டினுள் உறங்க, நிரலோ நாள்தோறும் மாறிக்கொண்டே செல்லும். இரண்டாண்டு கழியுமுன் திட்டம் ஏட்டுச் சுரைக்காயாகிவிடும். இக்குறையை நீக்கும்பொருட்டு வகுக்கப்பட்ட உபாயங்களுள் ஒன்றைக் குறித்து நமது அபிப்பிராயத்தை ஈண்டுக் கூற விரும்புகின்றோம்.

1980-களின் நடுவில் பெர்ட்ரண்ட் மேயர் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஐஃபெல் என்ற நிரல்மொழியை வகுத்தார். திட்டத்தின் நிபந்தனைகளை நிரலினுள்ளேயே எழுதிவைத்தல் அதன் சிறப்பாகும். வங்கிக் கணக்கினின்றும் பணம் எடுக்கும் பகுதியை உதாரணமாகக் கொள்வோம். கேட்கும் தொகை இருப்பை விஞ்சலாகாது என்பது முன்நிபந்தனை; எடுத்தபின் இருப்பு அத்தொகையளவே குறைந்திருத்தல் வேண்டும் என்பது பின்நிபந்தனை. முன்னதற்கு அழைக்கும் பகுதியும், பின்னதற்கு அழைக்கப்படும் பகுதியும் பொறுப்பு. இரு வியாபாரிகள் எழுதிக்கொள்ளும் உடன்படிக்கையை ஒத்திருத்தலின், இதனை ஒப்பந்த முறை என்பர். நிரல் ஓடுங்கால் கணினியே இந்நிபந்தனைகளைப் பரிசோதித்து, மீறுதலை அறிவிக்கும்.

இத்தகைய காவல் எத்துணை அவசியம் என்பதை ஒரு விபத்து உலகிற்கு உணர்த்திற்று. 1996-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4-ஆந் தேதி, பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூரூ தளத்தினின்றும் ஐரோப்பியரின் ஏரியன் 5 ராக்கெட்டு முதன்முறையாக ஏவப்பட்டது. சுமார் 40 வினாடிகளில் அது வழி விலகி வெடித்துச் சிதறியது. உடன் சென்ற நான்கு விஞ்ஞானத் துணைக்கோள்களும் அழிந்தன. அதன் திசையறி கருவியின் நிரல் ஏரியன் 4-இலிருந்து எடுத்தாளப்பட்டதாகும். கிடைவேகத்தோடு தொடர்புடைய ஓர் எண், 32,767-க்கு மேல் கொள்ளாத சிற்றிடத்தில் அடங்காது பெருகவே, கருவியும் அதன் மாற்றுக் கருவியும் ஓய்ந்தன. பழைய ராக்கெட்டில் அவ்வெண் அவ்வளவு உயராது என்று கருதியே அதனைக் காவலின்றி விட்டிருந்தனர். அம்முடிவின் காரணம் நிரலில் நேராகக் குறிக்கப்படவில்லை என்றும், ஆவணங்களின் மிகுதியில் அது மறைந்து போயிற்று என்றும் விசாரணைக் குழுவினர் எழுதினர்.

அவ்வொரு நிபந்தனை நிரலில் எழுதப்பட்டிருக்குமாயின் இப்பிழை முன்னரே வெளிப்பட்டிருக்கும் என்று 1997-இல் மேயரும் ழெஸெகேல் என்பாரும் வாதித்தனர். இதனை மறுத்தோரும் உளர். புதிய ராக்கெட்டின் பாதையைக் கொண்டு அக்கருவி சோதிக்கப்படவே இல்லை. சோதனை இல்லாவிடத்து எழுதிய நிபந்தனையும் வாய் திறவாது. வானிற் சென்றபின் திறந்தும் பயனில்லை என்பது அவர்தம் கட்சி.

இரு திறத்தாரிடத்தும் நியாயம் உண்டு என்பதே நமது துணிபு. ஒப்பந்த முறை திட்டத்தின் ஒரு பகுதியையே காக்கவல்லது. எண்ணின் எல்லையை அது சொல்லும். அவ்வெல்லையைத் தேர்ந்த காரணத்தைச் சொல்லாது. வேகத்தின்பொருட்டுப் பரிசோதனையை அணைத்துவிடுவாரிடத்து அதுவும் இல்லை. எனினும், மறைந்து கிடந்த எண்ணத்தை, நிரலை எடுத்தாள்வோன் காணாது தப்பவியலாத இடத்தில் அது நிறுத்துகின்றது. இப்பயன் ஒன்றே அதனைக் கைக்கொள்ளப் போதுமானது.

நம் மாணாக்கருட் பலர் நிரலை முற்றும் எழுதி முடித்து, சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின இரவில் திட்டப்படம் வரைகின்றனர். அப்படம் மதிப்பெண் பெறலாம், உண்மை பேசாது. ஐஃபெல் மொழி கல்லாதவரும், தாம் அறிந்த மொழியிலேயே ஒவ்வொரு பகுதியின் தலையிலும் அதன் நிபந்தனையை எழுதுதல் கூடும். அதனருகே காரணத்தை இரண்டு வரியிற் குறித்தலும் கூடும். பழைய நிரலைப் புதிய பணிக்கு எடுக்குந்தோறும் அவ்விரண்டையும் மீளச் சோதித்தலும் கூடும். நாம் எழுதும் நிரலை நாளை வேறொருவர் கையாள்வர். அவர் நம்மைக் கேட்க நாம் அருகில் இருக்கமாட்டோம். நிரலே நமக்காகப் பேசுதல் வேண்டும்.