ஆள் பஞ்சம், கரண்ட் பயம்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணி கடந்து சில நிமிடங்களில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று பாய்ந்ததுதான் காரணம் என்ற அமைச்சரின் விளக்கம் வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு வேடிக்கைச் செய்தியாயிற்று. புத்தளம் கரையில் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த அதிர்ச்சியில் நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் செயலிழந்தன. 900 மெகாவாட் ஒரே மூச்சில் போயிற்று. திங்களும் செவ்வாயும் முறைவைத்து ஒன்றரை மணி நேர மின்வெட்டு.

ஒன்றரை மணி நேரம்தானே என்று கொழும்பில் கேட்கலாம். முந்தலிலோ ஆராச்சிக்கட்டுவவிலோ இறால் வளர்ப்பவரிடம் கேட்டால் கணக்கு வேறு. குளத்து நீரில் பகலெல்லாம் ஒட்சிசனைத் தரும் நுண்பாசிகள் இரவில் அதையே உறிஞ்சத் தொடங்கும். விடிவதற்குச் சற்று முன்னால் ஒட்சிசன் ஆகக் கீழே இறங்கும். நீரைக் கடைந்து காற்றூட்டும் துடுப்புச் சக்கரங்கள் அந்த வேளையில் நின்றால் இறால்கள் மேலே வந்து தத்தளித்து, பிறகு அடியில் போய்க் கிடக்கும். நெருக்கமாகக் குஞ்சு விட்ட குளமென்றால் மூன்று நான்கு மாத வளர்ப்பு ஒரு விடியற்காலையில் முடிந்துவிடும். அதனால்தான் கொஞ்சம் வசதியுள்ள பண்ணை எதிலும் ஒரு ஜெனரேட்டர் நிற்கிறது. கரண்ட் போனால் அதை இயக்குவதற்கென்றே ஓர் ஆள் இரவு முழுக்க விழித்திருக்கிறார். நாட்டுக்கே மின்சாரம் தரும் மாவட்டத்தில், டீசல் வாசனை இல்லாமல் தொழில் செய்ய முடியவில்லை.

இந்தக் கரையின் முதலாளிமாரைப் பற்றிப் பேசும்போது மின்சாரச் சட்டத்தையும் தொழில் சட்டத்தையும் பிரிக்க முடியாததற்குக் காரணம் அந்த விழித்திருக்கும் ஆள்தான். அவர் கிடைக்க வேண்டும், நிலைக்க வேண்டும், அவருக்குச் சம்பளம் கட்டுப்படியாக வேண்டும். கொழும்பிலோ இரண்டு சட்டங்களும் இரண்டு தனி விவாதங்களாகவே நடந்துவந்திருக்கின்றன.

தொழில் சட்ட விவாதத்தின் வயது பெரிது. சம்பள நிர்ணய சபைகள் பற்றிய கட்டளைச்சட்டம் 1941இல் வந்தது. கைத்தொழில் பிணக்குகள் சட்டம் 1950, கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் 1954, ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958. இவற்றுக்கு மேலே, முதலாளிமார் இன்றுவரை முகம் சுளிக்கும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டம். பதினைந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், பன்னிரண்டு மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையேல் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். இதைத் தளர்த்தும்படி இலங்கை முதலாளிமார் சம்மேளனம் பல்லாண்டுகளாகக் கேட்டுவருகிறது. வேலை நேரத்தில் நெகிழ்வும், பெண்களின் இரவு வேலைக்கும் மேலதிக நேரத்துக்கும் உள்ள கட்டுப்பாட்டில் தளர்வும் ஆடைத் தொழில் நிறுவனங்களின் கோரிக்கை. 2023இல், பழைய சட்டங்களை ஒன்றாக்கும் தனி வேலைவாய்ப்புச் சட்ட வரைவு முன்வைக்கப்பட்டபோது பெரிய நிறுவனங்கள் அதை நம்பிக்கையோடு பார்த்தன. எட்டு மணி நேர வேலைநாளை இது அரித்துவிடும் என்று தொழிற்சங்கங்கள் தெருவுக்கு வந்தன. வரைவு சட்டமாகவில்லை. இன்றும் பேச்சு ஓயவில்லை.

புத்தளம் கரையில் இந்த விவாதம் ஏறக்குறைய அந்நியமானது.

ஒன்பது பேரை வைத்துக் குளம் பார்ப்பவருக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்துவதே இல்லை. அவரிடம் பதினைந்து பேர் கிடையாது. உப்பளத்தில் பாத்தி கட்டவும் உப்பு வாரவும் வருகிற பெண்களுக்கோ மழை வந்தால் வேலை இல்லை. ஆண்டுக்கு 180 நாளை அவர்கள் எட்டிப்பிடிப்பதே அரிது. படகுத் தொழிலில் சம்பளம் என்ற ஒன்றே பெரும்பாலும் இல்லை. எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்தபின் மிஞ்சுவதில் படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு ஒரு பங்கும் ஆட்களுக்கு ஒரு பங்கும் போகும். கடலில் அவர் தொழிலாளியா, பங்காளியா என்ற கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் தெளிவான பதில் தேடினால் களைத்துப்போக வேண்டியதுதான்.

இங்குள்ள முதலாளியின் பயம் ஆளை நிறுத்த முடியாதே என்பதல்ல. ஆள் நாளைக்கு வராமல் போய்விடுவானே என்பதுதான். மாவட்டத்தின் தென்முனையில் வென்னப்புவ, மாரவில பக்கம் போனால் இது கண்ணுக்கே தெரியும். 'சின்ன இத்தாலி' என்று பெயர் வாங்கிய ஊர்கள் அவை. வீட்டுக்கு ஒருவர் ரோமிலோ மிலானிலோ இருக்கிறார், புது வீடுகளின் முகப்பில் இத்தாலியப் பாணி தெரிகிறது. ஓட்டுச் சூளைகளும் தேங்காய்த் துருவல் ஆலைகளும் நிறைந்த அதே பட்டியில், சூளையடியில் நிற்க இளைஞர் கிடைப்பதில்லை. வடக்கே கற்பிட்டி, புத்தளம் பக்கத்தில் கத்தாரும் சவூதியும் குவைத்தும் அதே வேலையைச் செய்கின்றன. சட்டம் எளிதாக்கித் தரும் 'நீக்கும் உரிமை'யை இந்த முதலாளிமாருக்குப் பரிசாகக் கொடுத்தாலும் அவர்கள் அதை வைத்து என்ன செய்வார்கள்?

குறைந்தபட்சச் சம்பளம் பற்றிய கவலையும் அப்படித்தான். 2024இல் மாதம் 17,500 ரூபாயாக்கப்பட்ட தேசியக் குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. நாட்கூலி 1,200 ரூபாய். கூட்டினால் ஏற்றுமதிப் போட்டியில் பின்தங்குவோம் என்ற வழக்கமான குரல் கொழும்பில் எழுந்தது. ஆனால் குளத்துச் சேற்றை அள்ள ஓர் ஆண்பிள்ளையை 1,200 ரூபாய்க்குக் கூப்பிட்டுப் பாருங்கள். சந்தையே சட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது. அந்தச் சட்டம் உண்மையில் தொடக்கூடியது பெண்களின் கூலியைத்தான், அதிலும் எண்ணிக்கைக்கும் எடைக்கும் கூலி வாங்கும் பெண்களை. அவர்களுடைய கூலி இந்த அளவை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டிய தொழில் அலுவலரை உப்பளப் பாத்திகளுக்கிடையில் காண்பது எளிதல்ல.

இந்த இடத்தில் கரையோர முதலாளிமாரையும் சும்மா விட்டுவிடக் கூடாது. சேமலாப நிதிச் சட்டத்துக்குப் பதினைந்து பேர் என்ற எல்லை இல்லை. ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும், நாட்கூலியாக இருந்தாலும், முதலாளி 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி இன்னும் 3 சதவீதம். "இன்றைக்கு இருக்கிறவன் நாளைக்கு வேறு குளத்துக்குப் போகிறான், யாருக்கென்று கட்டுவது?" என்பது பலருடைய வாதம். பாதி உண்மை. மற்றப் பாதி, கட்டினால் அந்த ஆள் நிலைத்து நிற்க ஒரு காரணமாவது இருக்கும் என்பது. வெளிநாட்டுக்கு ஓடுகிற இளைஞனிடம் போட்டி போடக் கூலியை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் கத்தாரை எந்தக் குளமும் வெல்லாது. சேமலாப நிதி, விபத்து இழப்பீடு, பருவம் முடிந்த மாதங்களுக்கு ஏதாவது ஒரு பாதுகாப்பு, இவற்றைத் தந்தால் சிலராவது நிற்பார்கள். வணிகர் சங்கங்கள் இதைத் தங்கள் நலனாகப் பார்க்காமல் செலவாகவே பார்ப்பது குறுகிய பார்வை.

மின்சாரச் சட்டத்துக்கு வருவோம்.

2024 ஜூனில் நிறைவேறிய 36ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம், 1969இலிருந்து ஒரே உடலாக இருந்த மின்சார சபையைப் பன்னிரண்டு நிறுவனங்களாகப் பிரிக்க வழி செய்தது. போட்டி வரும், தனியார் முதலீடு வரும், விலை குறையும் என்று கொழும்பு வர்த்தகத் தரப்பில் பலர் வரவேற்றார்கள். ஆட்சி மாறியது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய திருத்தம் அந்தத் திட்டத்தை மாற்றி, உற்பத்தி, கடத்தல், விநியோகம், முறைமை இயக்கம் என அரசுக்குச் சொந்தமான நான்கு நிறுவனங்களாக்கியது. கதவு பாதி சாத்தப்பட்டதாக ஒரு தரப்பும், மின்சார சபையையே குலைத்துவிட்டார்கள் என்று ஊழியர் சங்கங்களும் முணுமுணுத்தன. செப்டெம்பரில் ஊழியர்கள் சட்டப்படி வேலை செய்யும் போராட்டத்தில் இறங்க, அரசு மின்விநியோகத்தை அத்தியாவசியச் சேவையாக வர்த்தமானியில் அறிவித்தது.

சொந்தக்காரர் யார் என்பதில்தான் எல்லோருக்கும் அக்கறை. விடியற்காலை மூன்று மணிக்கு கரண்ட் போனால் யார் பொறுப்பு என்பதைக் கேட்டவர் குறைவு.

கட்டணத்தின் ஏற்ற இறக்கத்தையும் இங்கே பார்க்க வேண்டும். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீத உயர்வு. 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். பிறகு இறங்கியது: 2024 ஜூலையில் 22.5 சதவீதம், 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைப்பு. அதே ஆண்டு ஜூனில் மறுபடி 15 சதவீத உயர்வு. செலவை ஈடுகட்டும் கட்டணம் வேண்டும் என்ற சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனை இதற்குப் பின்னால் இருக்கிறது. நிபந்தனையில் நியாயம் இல்லாமலில்லை. செலவைப் பல்லாண்டு மறைத்ததும் ஒரு காரணமாக, 2022 மார்ச் இறுதியில் நாடு பதின்மூன்று மணி நேர மின்வெட்டை அனுபவித்தது. ஆனால் ஜனவரியில் குறைந்த கட்டணத்தை நம்பிக் குஞ்சு விட்டவர் ஜூனில் அடுத்த போகத்தை எந்தக் கணக்கில் தொடங்குவது? பெரிய தொழிற்சாலைக்குக் கணக்காளர் இருக்கிறார். சிலாபத்து ஐஸ் ஆலைக்கு முதலாளியின் மகன்தான் கணக்காளர்.

கட்டண அட்டவணையில் ஒரு சுவையான விடயம் உண்டு. ஓரளவு பெரிய கைத்தொழில் இணைப்புகளுக்கு நேரத்துக்கு நேரம் விலை மாறும். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச விலை, அதன்பின் காலை 5.30 வரை ஆகக் குறைந்த விலை. இறால் குளத்துக்கு மின்சாரம் மிக அவசியமான நேரம் இந்த மலிவு நேரத்துக்குள்ளேயே வருகிறது. நாட்டில் மற்றவர்கள் தூங்கும் நேரத்தில், லக்விஜய போன்ற நிலக்கரி நிலையத்தை எளிதில் குறைத்து ஓட்ட முடியாத நேரத்தில், மின்சாரம் வாங்குகிற வாடிக்கையாளர்கள் இவர்கள். மின்சாரத் துறை இவர்களைத் தேடிப்போய் இணைப்புத் தந்திருக்க வேண்டும். சிறிய இணைப்பு வைத்திருக்கும் பண்ணைக்காரர்களுக்கு இந்த நேர விலையின் பலனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பற்றிப் பெரிய சம்மேளனங்களின் அறிக்கைகளில் தேடினாலும் கிடைக்காது.

பகலில் கதை தலைகீழ். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தொழிற்சாலைகள் மூடிக் கேள்வி குறைந்ததால், கூரைச் சூரியசக்தி வைத்திருந்தவர்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி அரசு கேட்டது. நாட்டுக்கு மின்சாரம் மிஞ்சியது. உப்பளத்துக்கு நீர் இறைக்கும் மோட்டாரும் ஐஸ் ஆலையும் அந்த நடுப்பகல் மின்சாரத்தை மலிவாகக் குடிக்கக் காத்திருக்கின்றன. ஐஸ் என்பது குளிராகச் சேமித்த மின்சாரம்தானே. மிஞ்சும்போது நிறுத்து, தட்டுப்பாடு வரும்போது வெட்டு என்ற ஏற்பாட்டை நான்கு நிறுவனங்களாகப் பிரித்தாலும் பன்னிரண்டாகப் பிரித்தாலும் அப்படியே வைத்திருக்க முடியும்.

காற்றாலைக்காரர்களின் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். கற்பிட்டிக் குடாநாட்டில் மாம்புரி, நிர்மலபுர ஆகிய இடங்களில் சுழலும் தனியார் காற்றாலைகள் நாட்டின் முதல் தலைமுறையைச் சேர்ந்தவை. தலா பத்து மெகாவாட் அளவிலானவை. 2022 பொருளாதார நெருக்கடிக் காலத்தில் மின்சார சபை இத்தகைய சிறு உற்பத்தியாளர்களுக்கு மாதக்கணக்கில் பணம் தராமல் இழுத்தடித்தது. அதே 2022இல்தான் மின்சாரச் சட்டத்தைத் திருத்திப் போட்டிக் கேள்விப்பத்திரக் கட்டாயம் நீக்கப்பட்டது. அந்தச் சூழலில் வளர்ந்த மன்னார், பூநகரி அதானி காற்றாலைத் திட்டம் அலகுக்கு 8.26 அமெரிக்க சென்ட் என்ற விலையில் சிக்கி 2025 பெப்ரவரியில் கைவிடப்பட்டது. மன்னாரில் 50 மெகாவாட்டுக்குப் போட்டிக் கேள்விப்பத்திரம் கோரியபோதோ விலை 4.65 சென்டுக்கு இறங்கியது. தனியாரா அரசா என்று அடித்துக்கொள்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். கேள்விப்பத்திரம் இருந்ததா, பணம் நேரத்துக்குக் கொடுக்கப்படுகிறதா என்பவைதான் முதலீட்டைத் தீர்மானிக்கின்றன.

ஆகவே 'வணிக சமூகத்தின் கருத்து' என்று ஒன்றைச் சொல்லும்போது யாருடைய கருத்து என்று கேட்க வேண்டியிருக்கிறது. அருவக்காலுவிலிருந்து ரயிலில் சுண்ணாம்புக்கல் வரும் பாலாவி சீமெந்து ஆலையின் தேவையும், தங்கொட்டுவப் பீங்கான் தொழிலின் தேவையும், உடப்பு மீனவரின் தேவையும் ஒன்றல்ல. கொழும்பில் எழுதப்படும் ஒரே அறிக்கையில் முதலாவது குரல் தடித்த எழுத்திலும் கடைசிக் குரல் எழுதப்படாமலும் போகிறது.

இந்தக் கரையின் சங்கங்கள் கேட்க வேண்டியவை நீக்கும் உரிமையும் தனியார்மயமும் அல்ல. பருவத் தொழிலாளிக்கு வேலை செய்த நாளுக்கேற்பச் சேமலாபம் சேரவும், முதலாளி மாறினாலும் கணக்கு மாறாமல் இருக்கவும், கைபேசியிலேயே கட்டவும் வழி வேண்டும். பங்குக்குப் போகும் கடல் தொழிலாளிக்குச் சட்டத்தில் ஒரு பெயர் வேண்டும். மின்சாரத்தில், அறிவித்தலின்றி வெட்டினால் விநியோக நிறுவனம் இழப்பீடு தரும் விதியும், சிறு பண்ணைக்கும் ஐஸ் ஆலைக்கும் நேர விலையும், போகத்தின் நடுவில் மாறாத கட்டணமும் வேண்டும்.

ஒவ்வொரு கட்டண மாற்றத்துக்கு முன்பும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு எழுத்துமூலமும் வாய்மூலமும் மக்கள் கருத்தைக் கேட்கிறது. தொழில் சட்ட வரைவு அடுத்த தடவை வரும்போதும் கருத்துக் கேட்கப்படும். சிலாபம், முந்தல், கற்பிட்டிச் சங்கங்கள் தங்கள் மின்கட்டணப் பட்டியல்களையும் டீசல் பற்றுச்சீட்டுகளையும் இணைத்து அந்த இரண்டு இடத்துக்கும் எழுத வேண்டும். தமிழிலேயே எழுதலாம், சட்டப்படி ஏற்க வேண்டும்.