குடும்பத்தோடு ஒரு மாசம் வீகன்: இருந்து பார்க்கலாமா?

"டாக்டர், வீட்டுல அஞ்சு பேரு. ஒரு மாசம் எல்லாருமா வீகனா இருந்து பார்க்கலாம்னு முடிவு பண்ணிருக்கோம். கறி, மீன், முட்டை, பால், தயிர், நெய் எதுவும் கிடையாது. இருக்கலாமா?"

இன்பாக்ஸில் வந்த கேள்வி. புத்தாண்டு முடிந்ததும் இப்படி ஒரு ரவுண்டு வரும். புரட்டாசியில் கறியை விட்டவர்கள் "அப்படியே பாலையும் விட்டா என்ன சார்?" என்று இன்னொரு ரவுண்டு வருவார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதில் ஒரே இழையாக எழுதிவிடுகிறேன். நீளமான இழைதான். பொறுமையாகப் படிங்க.

முதலில் என் கருத்தை ஒரே வரியில் சொல்லிடறேன்.

ஆரோக்கியமான ஒரு பெரியவர் ஒரு மாசம் வீகனாக இருப்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. "குடும்பத்தோடு" என்ற வார்த்தைதான் என்னைப் பயமுறுத்துகிறது.

ஏன் என்று சொல்கிறேன்.

1. முதலில் நல்ல செய்தி

வீகன் என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் பிறந்தது. ஆனால் நம்ம அடுப்படிக்கு அந்தச் சாப்பாடு புதுசு கிடையாது. இட்லி, சாம்பார், ரசம், அவியலில் தயிரை மட்டும் விட்டால் அவியல், புட்டு கடலை, அடை, சுண்டல், கேழ்வரகுக் களி, கீரை மசியல், வேர்க்கடலைச் சட்னி. எல்லாமே வீகன்தான். நெய் ஊற்றாமல் இருந்தால் போதும்.

அதனால் லிட்டர் பால் விலையைவிடப் பல மடங்கு கொடுத்து பாதாம் பால் டப்பா வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பாலில் ஒரு டம்ளருக்குப் புரதம் சுமார் ஒரு கிராம்தான். மாட்டுப்பாலில் அதே டம்ளருக்கு ஏழெட்டு கிராம். பேரில் பால் இருப்பதால் அது பாலாகிவிடாது.

பலனும் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 22 ஜோடி ஒரே உருவ இரட்டையர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2023இல் வெளியானது. ஜோடியில் ஒருவருக்கு வீகன் உணவு, மற்றவருக்கு அசைவமும் சேர்ந்த ஆரோக்கியமான உணவு. 8 வாரம். முடிவில் வீகன் பக்கம் இருந்தவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் அதிகமாகக் குறைந்தது, எடையும் கொஞ்சம் குறைந்தது.

பால் சாப்பிட்டால் வயிறு உப்பும் ஆட்களுக்கும் இந்த ஒரு மாசம் நிம்மதியாக இருக்கும். அது லாக்டோஸ் ஒவ்வாமை. பாலை நிறுத்தியதும் வயிறு அமைதியாகும். "உடம்பே சுத்தமாயிடுச்சு டாக்டர்" என்பார்கள். சுத்தமும் இல்லை, மாயமும் இல்லை. செரிக்காத சர்க்கரை ஒன்று உள்ளே போகவில்லை, அவ்வளவுதான்.

2. இப்போ பிரச்சினை: பி12

தாவர உணவில் நம்பத்தகுந்த அளவில் பி12 கிடையாது. பழைய சோற்றில் இருக்கு, புளித்த மாவில் இருக்கு, ஸ்பைருலினாவில் இருக்கு என்று ஃபார்வர்டு வரும். அதையெல்லாம் நம்பி உட்காராதீர்கள். பழைய சோறு நல்ல உணவு, தாராளமா சாப்பிடுங்க. பி12க்காகச் சாப்பிடாதீங்க.

பி12 இரத்த அணு உருவாகவும் நரம்பின் உறை கெடாமல் இருக்கவும் வேண்டும். நமக்குத் தேவை ஒரு நாளைக்கு இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். கல்லீரல் இதைச் சில ஆண்டுகளுக்கு வரும் அளவு சேமித்து வைத்திருக்கும்.

"அப்போ ஒரு மாசத்துல ஒண்ணும் ஆகாதுதானே?"

ஆகாது. சேமிப்பு நிறைவாக இருந்தால். அந்த இரட்டையர் ஆய்விலும் 8 வாரத்தில் இரத்தத்தில் பி12 பெரிதாக இறங்கவில்லை.

ஆனால் இங்கேதான் கண்ணி இருக்கிறது. ஒரு மாசத்தில் ஒன்றும் ஆகாது என்பதாலேயே அந்த ஒரு மாசம் நீண்டுகொண்டே போகும்.

3. ஓபியில் பார்த்தது

முப்பதுகளில் ஒரு அம்மா வந்தார். நடந்தால் பாதத்தில் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கு, செருப்பு கழன்றதுகூடத் தெரியல என்றார். நாக்கு சிவந்து வழவழவென்று இருந்தது. ஹீமோகுளோபின் 6. வெளியே பல மாதமாக "நரம்புத் தளர்ச்சி"க்கு டானிக் குடித்திருக்கிறார்.

சாப்பாடு பற்றி விசாரித்தேன். கறி எப்பவுமே சாப்பிடுவதில்லை. பாலும் முட்டையும் விட்டு மூணு வருஷம். ஏம்மா விட்டீங்க என்று கேட்டேன்.

"ஒரு மாசத்துக்குன்னுதான் சார் எல்லாருமா ஆரம்பிச்சோம். நல்லா இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்."

வீட்டுக்காரர்? "அவரு மறு மாசமே ஆரம்பிச்சிட்டாரு." பிள்ளைகள்? "அதுங்களும்தான்."

எல்லோரும் திரும்பிவிட்டார்கள். அவர் மட்டும் திரும்பவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

ஊசி போட்டோம். இரத்தம் சில வாரங்களில் ஏறியது. நரம்பு அவ்வளவு சீக்கிரம் வராது. சிலருக்கு முழுதாக வருவதும் இல்லை.

இதில் இன்னொரு கொடுமை. கீரையும் பருப்பும் நிறைய சாப்பிடுவதால் ஃபோலிக் அமிலம் நன்றாகக் கிடைக்கும். அது இரத்தச் சோகையைக் கொஞ்ச நாள் மறைத்துவிடும். வெளியே ஆள் நல்லா இருப்பார். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும்.

4. குடும்பம் ஒன்று, உடம்பு அஞ்சு

கேள்வி கேட்டவரிடம் வீட்டில் யார் யார் என்று கேட்டேன். அவர், அவருடைய அம்மா, மனைவி, 13 வயது மகள், 9 மாதக் கைக்குழந்தை.

ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

அவர்: 40 வயதை நெருங்குகிறார், கொலஸ்ட்ரால் கொஞ்சம் அதிகம். தாராளமாக இருக்கட்டும். இந்தச் சோதனையில் உண்மையாகவே லாபம் பார்க்கப்போவது அவர்தான்.

அம்மா: சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின். இந்த மாத்திரையை நீண்ட நாள் எடுத்தாலே பி12 குறையும். அவருடைய சேமிப்பு ஏற்கனவே காலியாக இருக்கலாம். அடுத்து, தயிரும் முட்டையும் போன இடத்தில் தட்டில் வந்து உட்காருவது பெரும்பாலும் சோறு. சர்க்கரை ஏறும். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர் பசியோடு இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். இரண்டுமே ஆபத்து. வாரம் ஒருமுறையாவது சர்க்கரை பார்க்காமல், மருத்துவரிடம் சொல்லாமல் அவரை இதில் சேர்க்கக் கூடாது. "இயற்கை உணவுதானே, மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்தவே கூடாது.

மனைவி: தாய்ப்பால் கொடுக்கிறார். இவருக்குக் குறைவது குழந்தைக்கும் குறையும். பி12 மாத்திரை இல்லாமல் இவர் ஒரு நாள்கூட வீகன் பரிசோதனையில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

கைக்குழந்தை: கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பி12 குறைந்த தாயின் பாலை மட்டுமே நம்பி வளரும் குழந்தைகளுக்கு நம் நாட்டில் ஒரு நோய் வருவதைக் குழந்தை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். வெளுத்துப்போய், முடி செம்பட்டையாகி, சிரிக்காமல், கை கால் நடுங்கும். உட்கார்ந்த குழந்தை உட்காருவதை மறந்துவிடும். அந்தக் குழந்தையின் சேமிப்பு வருஷக்கணக்குக்கானது கிடையாது. தேங்காய்ப் பாலும் பாதாம் பாலும் தாய்ப்பாலுக்கு மாற்று கிடையவே கிடையாது.

மகள்: எனக்கு அதிகக் கவலை இவள் மேல்தான். மாதவிடாய் தொடங்கும் வயசு, வளரும் வயசு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21இன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தச் சோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். இந்த ஊரில் ஒரு பெண் பிள்ளையின் தட்டிலிருந்து எதையாவது எடுப்பதற்கு முன் ஒரு தரம் இரத்தத்தைப் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் இன்னும் யாராவது இருக்கிறார்களா? இதய வால்வு மாற்றியவர், அசிட்ரோம் மாதிரி இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எடுப்பவர் இருந்தால் கவனம். திடீரென்று தினமும் கீரை சாப்பிட ஆரம்பித்தால் அதிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். வால்வில் இரத்தம் கட்டலாம். சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவருக்கு இளநீரும் கீரையும் பழமும் பொட்டாசியத்தை ஏற்றும். இவர்களெல்லாம் "ஒரு மாசம்தானே" என்ற கணக்கில் வரமாட்டார்கள். ஒரு வாரமே போதும்.

5. சத்துணவு முட்டை

இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

நம் அரசுப் பள்ளிகளில் சத்துணவோடு முட்டை தருகிறார்கள். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். முட்டையில் 6 கிராம் நல்ல புரதம், கூடவே பி12. வாழைப்பழத்தில் புரதம் ஒரு கிராம், பி12 பூஜ்யம். இரண்டும் ஒரே தட்டில் ஒரே இடத்தில் இருப்பதால் சமம் என்று ஆகிவிடாது.

பெரியவர்கள் கொள்கைக்காக ஒன்றை ஒதுக்கலாம். விலங்குகள் மேலுள்ள கருணையால் ஒதுக்குபவர்களை நான் மதிக்கிறேன், அந்த விவாதத்துக்குள் போகவே இல்லை. ஆனால் வேண்டாம்னு ஒதுக்குறதும் கிடைக்காம இருக்கிறதும் ஒண்ணில்லை. கிடைக்காமல் இருந்த தலைமுறைகளைத் தாண்டி இப்போதுதான் அந்த முட்டை தட்டுக்கு வந்திருக்கிறது. உங்கள் ஒரு மாச சோதனைக்காக பிள்ளையிடம் "நாளைக்கு முட்டை வேணாம்னு சொல்லிடு" என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

6. சரி, எப்படித்தான் இருப்பது?

அடுப்பு ஒன்றாக இருக்கட்டும், தட்டு தனித்தனியாக இருக்கட்டும். சாம்பார், பொரியல், சுண்டல் எல்லாருக்கும் பொது. பாலும் முட்டையும் தேவைப்படுபவருக்கு மட்டும் தனியாக. இதற்காக யாரும் குற்ற உணர்ச்சிப்பட வேண்டாம்.

நீங்கள் தினமும் 400 மில்லி பாலும் தயிருமாகச் சாப்பிட்டவர் என்றால் நிறுத்தும்போது சுமார் 13 கிராம் புரதமும் 480 மில்லிகிராம் கால்சியமும் போகிறது. ஈடு செய்ய வழி இருக்கு. 100 கிராம் கேழ்வரகு மாவு, சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், 7 கிராம் புரதம். 50 கிராம் கொண்டைக்கடலை சுண்டல், சுமார் 10 கிராம் புரதம். மேலே ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. முடிந்தது.

60 கிலோ எடை உள்ளவருக்கு நாளைக்கு சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். இரண்டு கரண்டி தண்ணிச் சாம்பாரில் அது வராது. வேளாவேளைக்குப் பருப்பு, பயறு, வேர்க்கடலை, சோயா ஏதாவது ஒன்று கண்ணுக்குத் தெரியும் அளவில் தட்டில் இருக்கணும்.

கீரை, பருப்போடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள், இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். கட்டங்காப்பி, பால் இல்லாத டீ எல்லாம் சாப்பாட்டோடு வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

பி12 மாத்திரை கட்டாயம். வீகன் உணவுக்காகவே தொடங்கப்பட்ட இங்கிலாந்தின் வீகன் சங்கமே தினம் 10 மைக்ரோகிராமாவது, அல்லது வாரம் 2000 மைக்ரோகிராமாவது எடுக்கச் சொல்கிறது. அவர்களுக்கே இல்லாத வீம்பு நமக்கு எதுக்கு?

இன்னொன்று. மைதா பூரியும் உருளைக்கிழங்கு சிப்ஸும் பாட்டில் குளிர்பானமும்கூட வீகன்தான். அதையே சாப்பிட்டுவிட்டு "வீகன் இருந்தும் எடை குறையல டாக்டர்" என்று வராதீங்க.

தொடங்கும் முன் ஒரு இரத்தப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பார்க்கக் காசு கிடையாது. பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்வோம், வீகன் எங்கேயும் ஓடிவிடாது.

7. முடிக்கும் தேதியையும் எழுதுங்க

எல்லோரும் தொடங்கும் தேதியைத்தான் காலண்டரில் வட்டம் போடுகிறார்கள். முடியும் தேதிக்கும் ஒரு வட்டம் போடுங்கள். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, யார் தொடர்கிறார், யார் நிறுத்துகிறார், தொடர்பவர் பி12 எடுக்கிறாரா என்று பேசி முடியுங்கள்.

முக்கியமாகச் சமைக்கிறவரைக் கேளுங்கள். நம் வீடுகளில் மற்றவர்களுக்குப் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுபவர் அவர்தான். தனக்கென்று ஒரு முட்டை வேகவைக்க யோசிப்பவரும் அவர்தான். "எனக்குப் பழகிப்போச்சு" என்று அவர் சொன்னால் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

பாதத்தில் பஞ்சு ஒட்டினது மாதிரி இருக்கு என்று வந்த அந்த அம்மாவிடம், மூணு வருஷத்தில் ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்:

"நீ என்ன சாப்பிட்ட?"

இன்னிக்கு ராத்திரி உங்க வீட்டுல கேட்டுப் பாருங்க.