ஊர் வாங்கினால் என்ன?

மதுக்கரை என்றதும் சிமெண்டு ஆலைதான் நினைவுக்கு வரும். 1934-ம் ஆண்டு தொடங்கிய ஆலை அது. ஆனால், சுற்றியுள்ள கிராமங்களில் உயர்ந்த புகைபோக்கி இல்லாத சிறு ஆலைகளும் உண்டு. அவைதான் வீட்டு அடுப்படிகள்! ஒரு வீட்டில் முறுக்கு. இன்னொரு வீட்டில் அப்பளம். அடுத்த வீட்டில் மசாலாப் பொடி.

இவர்களுடைய கைப்பக்குவத்தில் குறை இல்லை. குறை கைமுதலில்தான்!

பொடி அரைக்க இயந்திரம் வேண்டும். மழை நாளில் அப்பளம் காய வைக்க இடம் வேண்டும். எடை போட்டுப் பாக்கெட்டில் அடைக்க வசதி வேண்டும். இவ்வளவையும் ஒரு குடும்பம் தனியாக வாங்க முடியுமா? கடன் வாங்கினால், வருகிற லாபத்தை வட்டி தின்றுவிடும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், அவர் சொன்னதுதான் விலை!

ஒரு வீடு வாங்க முடியாததை ஊர் சேர்ந்து வாங்கினால் என்ன?

"பஞ்சாயத்துக்குத் தொழில் நடத்தத் தெரியுமா?" என்று சிலர் கேட்கலாம். நடத்திக் காட்டிய ஊர் இதே கோவை மாவட்டத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறைப் பஞ்சாயத்து, 2006-ம் ஆண்டு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். அதில் 40 லட்சம் பஞ்சாயத்தின் சேமிப்பு. மீதி பாங்கிக் கடன். ஊரின் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று வருமானம் கண்டது.

இந்தோனேஷியாவிலும், கிராமமே சொந்தமாகத் தொழில் நிறுவனம் நடத்த 2014-ம் ஆண்டின் கிராமச் சட்டம் இடம் தருகிறது.

காற்றாலைக்கு ஆன காரியம், மாவு மில்லுக்கு ஆகாதா?

ஒன்றை மறக்கக் கூடாது. ஊர் முறுக்குச் சுட வேண்டாம். சுடுகிறவருக்குத் துணை நின்றால் போதும். இயந்திரமும் உலர்களமும் பாக்கெட் போடும் கூடமும் ஊருக்குச் சொந்தம். சரக்கும் லாபமும் உழைப்பவருக்குச் சொந்தம். பயன்படுத்துவோர் சிறு வாடகை கொடுக்கலாம். இயந்திரம் பழுதானால் அந்தப் பணம் உதவும்.

பொதுச் சொத்து, கேட்பாரற்ற சொத்தாகிவிடவும் கூடாது. வரவு செலவை எல்லோரும் பார்க்கும்படி சுவரில் எழுதி வைக்க வேண்டும். கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும்.

அந்தச் சபையில் மக்கள் ரோடு கேட்கிறார்கள், குடிதண்ணீர் கேட்கிறார்கள், தெருவிளக்குக் கேட்கிறார்கள். அடுத்த முறை அப்பளம் இடும் அம்மாளும் எழுந்து, "ஊருக்கு ஓர் உலர்களம் வேண்டும்" என்று கேட்கட்டும்!